கூலிப் பேரிடர்

மரக்காணத்தில் கட்டட வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற செய்தி சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபோது, தெய்வநாயகி சாரத்தின் மேல் நின்று வாழ்க்கையில் முதல்முறையாகப் பூச்சுக் கரண்டி பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன் அவள் உப்பளத்துக்காரி. அவளும் புருஷன் முருகையனும் ஆதிமூலம் என்பவரின் பாத்திகளில் உப்பு வாரிப் பிழைத்தார்கள். சுனாமி வந்து பாத்திகளில் சேற்றை நிரப்பிவிட்டுப் போனது. சேற்றை அள்ளுகிற செலவு யாருடையது என்று முதலாளிகளும் அரசாங்கமும் பேசிக்கொண்டிருந்த மாதங்களில், கடற்கரை நெடுக வீடு கட்ட ஆரம்பித்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கட்டினார்கள், திருச்சபை கட்டியது, எங்கிருந்தோ வந்த ஒரு பிஸ்கட் கம்பெனி கட்டியது. பணம் இருந்தது. நிலம்கூட இருந்தது. கொத்தனார்தான் இல்லை. செங்கல் விலை ஏறியது, மணல் விலை ஏறியது, கம்பி விலை ஏறியது. யாரும் அதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தவில்லை. பிறகு கூலி ஏறியது.

தெய்வநாயகி சித்தாளாகப் போனாள். கல் சுமந்தாள், மணல் சலித்தாள், கலவை தூக்கினாள். உப்பளத்தில் வாங்கியதைவிடக் கூலி அதிகம். வேலை கொடுத்த மேஸ்திரி மரியதாஸ் பெரிய முதலியார்சாவடிக்காரர். அவரிடம் இருந்த கொத்தனார்களில் பாதிப் பேர் கூடுதல் கூலிக்கு ஆரோவில் பக்கம் போய்விட்டார்கள். ஒருநாள் காலை மிச்சப் பாதியில் பாதியும் வரவில்லை. மரியதாஸ் காலிச் சாரத்தைப் பார்த்தார், பிறகு கலவை கிளறிக்கொண்டிருந்த தெய்வநாயகியைப் பார்த்தார்.

"ஏம்மா, கரண்டி புடிக்கணும்னு கேட்டுக்கினே இருந்தியே. இந்தா, புடி. உள் செவுருதான். யாரு பாக்கப் போறா."

"கூலிங்க?"

"மொதல்ல புடிம்மா. கூலி அப்புறம் பேசலாம்."

"அப்புறம் பேசுற கூலி சித்தாள் கூலிதாங்க மேஸ்திரி."

மரியதாஸ் வானத்தைப் பார்த்தார். "சரி, ரெண்டுக்கும் நடுவாந்தரமா ஒண்ணு தர்றேன்."

ஒரு வாரம் அவள் பூசினாள். முதல் நாள் பூசியது மாலையில் பாளம் பாளமாக விழுந்தது. வாரக் கடைசியில் விழவில்லை. அவளோடு சித்தாளாக இருந்த ஜான்சியும் கரண்டி கேட்க ஆரம்பித்தாள். இன்னும் இரண்டு மாதம் இப்படியே போயிருந்தால் இருவரும் கொத்தனார் ஆகியிருப்பார்கள். அதற்குள் அவர்களைக் கொத்தனார் ஆக்குவதற்கு ஒரு மையம் வந்துவிட்டது.

அதன் முழுப்பெயர் கடலோரக் கட்டுமானத் திறன் மேம்பாடு மற்றும் கூலிச் சமநிலை மையம். பெயர்ப்பலகை நீளமாக இருந்ததால் திண்டிவனம் சாலையில் அதை மாட்டுகிற அளவுக்கு முகப்பு உள்ள கட்டடமாகத் தேடி, ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். இயக்குநர் கலையரசன் கூலியைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அவருக்குக் கூலி கிடையாது, சம்பளம். அதோடு, பேரிடர் பகுதியில் பணியாற்றுவதற்கான சிறப்புப் படி. ஜீப்பில் இறங்கிய முதல் நாளே, பேரிடர் எங்கே என்று கேட்டார். கடலைக் காட்டினார்கள். "அதில்லை, கூலி" என்றார்.

மையத்தின் முதல் நிகழ்ச்சி 'இரண்டாவது அலை' என்ற கருத்தரங்கு. கேட்பதற்கு ஆள் வேண்டும் என்று கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கு வேன் அனுப்பிப் பெண்களை ஏற்றிவந்தார்கள். அன்று எட்டு வீடுகளில் வேலை நின்றது. உப்பள முதலாளி ஆதிமூலம் முதலில் பேசினார்.

"பாத்தியில சேறு அள்ள ஆளு கெடைக்கல. கூப்புட்டா, கட்டட வேலைல இவ்ளோ தர்றாங்க, நீ எவ்ளோ தருவேன்னு என்னையே கேக்குறாங்க. இருபது வருஷமா தொழில் பண்றேன். ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல. மனசு ஒடஞ்சி போச்சு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

பிறகு இயக்குநர் எழுந்தார்.

"அன்பார்ந்த உழைக்கும் சகோதரிகளே! முதல் அலையை நம்மால் தடுக்க முடியவில்லை. அது இயற்கை. ஆனால் கூலி உயர்வு என்னும் இந்த இரண்டாவது அலையைத் தடுக்க முடியும். கூலி ஏன் ஏறுகிறது? ஆள் பற்றாக்குறை. ஆயிரம் பெண்களுக்குக் கொத்தனார் பயிற்சி கொடுத்துவிட்டால் பற்றாக்குறை நீங்கும். கூலி தன் இயல்பான இடத்துக்கு இறங்கும். அந்த வரலாற்றுச் சாதனையை நிகழ்த்தப் போவது யார்? நீங்கள்தான்!"

தெய்வநாயகிக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதி சரியாக இருக்காது என்று நினைத்து எழுந்து கேட்டாள். "சார், அப்ப நாங்க கத்துக்கிட்டா, எங்களுக்குக் கூலி கொறையுங்களா?"

"குறையாதும்மா. சமநிலை அடையும்."

"மேல போயா சார், கீழ வந்தா?"

"அதெல்லாம் அடுத்த அமர்வுல வரும்" என்றார் இயக்குநர். அடுத்த அமர்வு சாப்பாடு.

அந்த வாரமே ஒரு உத்தரவு வந்தது. மறுவாழ்வுக் குடியிருப்புகளில் கரண்டி பிடிப்பவர்கள் மையத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். ஆண் கொத்தனார்களுக்கு அனுபவத்தைக் கருதி விலக்கு. பெண்களுக்கு விலக்கு இல்லை, ஏனென்றால் திட்டமே பெண்களுக்கானது. மரியதாஸ் தெய்வநாயகியின் கையிலிருந்த கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நான் இன்னாம்மா பண்றது. சூப்பர்வைசர் வந்து தலைமாட்டுல நிக்குறான். நீ போயி அந்தக் காயிதத்த வாங்கிக்கினு வந்துடு."

தெய்வநாயகியும் ஜான்சியும் பயிற்சியில் சேர்ந்தார்கள். கூலி கிடையாது, மதியச் சாப்பாடும் பஸ் காசும் உண்டு. முருகையன் உப்பளத்தில் சேறு அள்ளுகிற வேலையில் இருந்தான். அவன் சொன்னான்: "நீ கத்துக்கினு வர்றதுக்குள்ள இந்தக் கரையில எல்லாருக்கும் வீடு கட்டி முடிச்சிடுவானுங்க பாரு."

"மூணு மாசம்தான சொன்னாங்க."

"சேறு அள்ளவும் மூணு மாசம்தான் சொன்னாங்க" என்றான் முருகையன், காலைக் கழுவியபடி.

பயிற்சியில் சிமெண்ட் இல்லை. மையத்துக்கு ஒதுக்கிய சிமெண்ட் முழுவதும் திறப்பு விழாக் கல்வெட்டுக்கு மேடை கட்டியதில் தீர்ந்துவிட்டது. சிமெண்ட் விலை ஏறியிருந்ததால் மறுபடி வாங்க அனுமதி வரவில்லை. எனவே முதல் மாதம் சிமெண்டின் வரலாறு நடத்தினார்கள். இரண்டாம் மாதம் உயரத்தில் பணிபுரியும் முறை. கல்யாணப் பந்தி மேசைமேல் ஒவ்வொருத்தியாக ஏறி, இடுப்பில் பெல்ட் கட்டி, பெல்ட்டை ஜன்னல் கம்பியில் மாட்டி, மஞ்சள் ஹெல்மெட்டோடு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். ஜான்சி நின்றபடி கேட்டாள்: "சார், இங்கருந்து உழுந்தா பெல்ட்டு புடிக்கிறதுக்கு முன்னாடி தரை புடிச்சிக்குமே?" பயிற்றுநர் அதைக் குறித்துக்கொண்டு, மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

மூன்றாம் மாதம் செங்கல் வந்தது. சாந்துக்குப் பதிலாக உப்பளச் சேறு. ஆதிமூலம் அதை இலவசமாகக் கொடுத்தார். அதற்காக அவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். உப்புச் சேறு காயவும் காயாது, பிடிக்கவும் பிடிக்காது. ஆனாலும் பெண்கள் சுவர் எழுப்பக் காத்திருந்தார்கள். முதல் கல்லை ஒரு பெரிய மனிதர் வைக்க வேண்டும் என்று இயக்குநர் சொன்னார். மாவட்டத்திலிருந்து ஒருவர் வெள்ளை ஹெல்மெட் போட்டு வந்து வைத்தார். படம் எடுத்தார்கள். மறுநாள் சென்னையிலிருந்து ஒருவர் வருவதாகத் தகவல் வந்ததால் அந்தக் கல்லை எடுத்துக் கழுவித் தயாராக வைத்தார்கள். அவருக்குப் பிறகு டெல்லியிலிருந்து ஒருவர், பிறகு பணம் கொடுக்கிற நாட்டிலிருந்து கணவனும் மனைவியும். ஒரு மாதம் அந்தச் சுவருக்கு முதல் கல் வைத்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது கல்லை வைக்க ஆள் வரவில்லை. பெண்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள். நன்றாகக் கைதட்ட அவர்களுக்கு வந்துவிட்டது.

பயிற்சி மூன்று மாதத்தில் முடியவில்லை. மழையில் மண்டபத்துக்குள் தண்ணீர் வந்தது, பிறகு முகூர்த்த மாதம் என்று மண்டபக்காரர் கல்யாணங்களுக்கு இடத்தைக் கேட்டார். இதற்கிடையில், ஆள் பற்றாக்குறைக்கு இன்னொரு தீர்வாக, லிப்ட் வைத்த கலவை மிஷினை ஒப்பந்தக்காரர்களுக்கு மானியத்தில் கொடுக்க மையம் ஏற்பாடு செய்தது. ஒரு மிஷின் இருபது சித்தாள் வேலையைச் செய்யும் என்று இயக்குநர் அறிவித்தார். தேங்காய் உடைத்து மிஷினை ஓட்டிக் காட்டினார்கள். அந்த இருபது சித்தாள்களும் எதிரிலேயே நின்றார்கள். வழக்கப்படி கைதட்டினார்கள். தெய்வநாயகி மட்டும் பாதியில் நிறுத்திவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

கடைசியில் வாய்மொழித் தேர்வு. கொத்தனார் என்பவர் யார் என்பது கேள்வி. "கூப்புட்ட நாளுக்கு வராத ஆளு சார்" என்றாள் ஜான்சி. ஆனாலும் எல்லோரும் தேறினார்கள். தேறாவிட்டால் அடுத்த கட்ட நிதி வராது.

சான்றிதழோடு தெய்வநாயகி மரியதாஸைத் தேடிப் போனபோது 2006ஆம் வருஷம் பாதி போயிருந்தது. முருகையன் சொன்னதுபோலவே வீடுகள் முடிந்துவிட்டன. வெளிநாட்டுக்காரர்கள் போய்விட்டார்கள், பிஸ்கட் கம்பெனி போய்விட்டது. ஆரோவில் பக்கம் போன கொத்தனார்கள் திரும்பி வந்திருந்தார்கள். ரயிலேறி வந்த வெளிமாநில ஆட்கள் குறைந்த கூலிக்கு நின்றார்கள். கூலி இறங்கிவிட்டது. செங்கல், மணல், கம்பி ஆகியவற்றின் விலை அங்கேயே இருந்தது. மரியதாஸிடம் இப்போது பங்களா வேலைகளும் பணக்காரர் வீட்டு வேலைகளும் ஒன்றிரண்டு இருந்தன.

அவர் சான்றிதழை வாங்கிப் படித்தார். பின்பக்கத்தையும் படித்தார்.

"இதுல இன்னா எழுதியிருக்குது தெரியுமா? சான்றிதழ் உள்ள ஆளுக்கு மையம் சொல்ற ரேட்டுதான் குடுக்கணுமாம். அந்த ரேட்டு போன வருஷத்து ரேட்டு. எனக்குக் கட்டுப்படியாவாதும்மா."

"கம்மியாவே குடுங்க மேஸ்திரி."

"குடுத்தா என்மேல நடவடிக்கையாம். நீ காயிதம் இல்லாத ஆளா இருந்தா இன்னிக்கே ஏறிக்கன்னு சொல்லிடுவேன்."

"காயிதம் இல்லன்னுதான போன வருஷம் எறக்கி உட்டீங்க?"

"அது போன வருஷம்" என்றார் மரியதாஸ், உண்மையிலேயே வருத்தத்தோடு.

சித்தாளாகவாவது சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். அந்த வேலைக்கு மிஷின் இருந்தது. அவள் நேராக மையத்துக்குப் போனாள். இயக்குநர் அறையில் ஏசி ஓடியது.

"சார், இந்தச் சான்றிதழ் எனக்கு வாணாங்க. கேன்சல் பண்ணிடுங்க. வேலை கெடைக்கல."

கலையரசன் பதறிப்போனார். "அப்படிச் சொல்லாதீங்கம்மா. எங்க ரிப்போர்ட்ல உங்களுக்கு வேலை கிடைச்சிடுச்சு."

"எங்க சார்?"

அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார். "தனியார் துறையில."

"அது எந்த ஊருங்க?"

இயக்குநர் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு மென்மையாகப் பேசினார். "வேலை கொடுக்கிறது எங்க நோக்கம் இல்லம்மா. வேலைக்குத் தகுதி கொடுக்கிறதுதான். இப்ப நீங்க வேலை இல்லாத சித்தாள் இல்ல. வேலை இல்லாத கொத்தனார். எவ்வளவு பெரிய முன்னேற்றம்! சான்றிதழை ரத்து பண்றதுக்கு விதி கிடையாது. வேணும்னா மறுபயிற்சியில சேர்ந்து, அதுல தேறாம இருக்க முயற்சி பண்ணலாம்."

அன்று பஸ்ஸுக்குக் காசிருந்தும் தெய்வநாயகி வீடு வரைக்கும் நடந்தே போனாள். வழியில் உப்பளங்களில் மறுபடி வெள்ளை தெரிந்தது. ஆதிமூலத்தின் பாத்தியில் முருகையன் உப்பு வாரும் பலகையை இழுத்துக்கொண்டிருந்தான், பழைய கூலிக்கு. அவளைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"இன்னாச்சு?"

"நான் முன்னேறிட்டேனாம்."

அவன் சிரிக்கவில்லை. "ஆதிமூலம் உன்னையும் வரச்சொன்னாரு. பழைய ரேட்டுக்கு" என்றான். அவள் வரப்பில் உட்கார்ந்தாள். பழைய பாத்திக்கே திரும்பிவிடுவோமோ என்ற பயம் அப்போதுதான் அவளுக்குள் முழுசாக இறங்கியது.

அடுத்த வாரம் மையத்தின் சொந்தக் கட்டடத்துக்குத் திறப்பு விழா. மிகக் குறைந்த ஒப்பந்தப் புள்ளி கொடுத்த வெளியூர்க்காரர், வெளிமாநில ஆட்களையும் மிஷினையும் வைத்து அதைக் கட்டியிருந்தார். பயிற்சி பெற்ற பெண்களில் ஒருத்திக்கும் அங்கே வேலை இல்லை. ஆனால் திறப்பு விழாவுக்கு எல்லோரும் மஞ்சள் ஹெல்மெட்டோடு வரவேண்டும், சாப்பாடு உண்டு என்று வேன் வந்தது. தெய்வநாயகி போனாள். வீட்டில் அரிசி குறைவாக இருந்தது.

விருந்தினர் பேசி முடித்து இயக்குநர் மைக்கைப் பிடித்த நேரத்தில், வாசலில் ஒரு லாரி வந்து விடாமல் ஹாரன் அடித்தது. மரியதாஸ் குதித்து இறங்கி, பந்தலுக்குள் ஓடி வந்தார். சட்டையெல்லாம் சிமெண்ட்.

"எந்தத் தெருவுக்குப் போனாலும் வூடு பூட்டிக் கெடக்குது. எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா? பிரம்மதேசத்துல ரூஃப் போட்டுக்கினு இருக்கேன். மிஷின் பாதியில நின்னுபோச்சு. மெக்கானிக்கு திண்டிவனத்துலருந்து வரணும். வாங்கம்மா, ஏறுங்க, ஏறுங்க!"

ரூஃப் காங்கிரீட்டைப் பாதியில் விட முடியாது. விட்டால் ஒட்டாது, பிறகு அந்த இடத்தில் காலத்துக்கும் ஒழுகும். அங்கிருந்த அத்தனை பெண்களுக்கும் அது தெரியும். சிலர் எழுந்துவிட்டார்கள். தெய்வநாயகியும் எழுந்தாள். லாரி வரைக்கும் வந்தவள், ஏறாமல் நின்றாள். அவள் நின்றதைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள்.

"சித்தாளுக்கு இன்னா தர்றீங்க மேஸ்திரி?"

"இப்ப இன்னா ரேட்டோ அதுதான்."

"போன வருஷம் குடுத்தது?"

"அப்ப ஆளு கெடைக்கலம்மா!"

"இப்ப கெடைச்சிச்சிங்களா?"

மரியதாஸ் வாட்சைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "சரி, போன வருஷத்துதே தர்றேன். ஏறுங்க."

ஜான்சி ஒரு காலைத் தூக்கி வைத்தாள். தெய்வநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் நடுங்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டாள்.

"அந்த வூட்டுப் பூச்சு வேலைக்கு நானும் இவளும் கரண்டி புடிப்போம். கொத்தனார் கூலி."

"மையத்து ரேட்டா? நான் கடைய மூடிக்கினு போவ வேண்டியதுதான்."

"மையத்து ரேட்டு வாணாங்க. உங்க கொத்தனாருங்களுக்கு இன்னா தர்றீங்களோ அது. நான் சான்றிதழ் வெச்சிருக்கேன்னு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அவனுங்க ஆம்பளைங்கம்மா..."

"காங்கிரீட் இறுகுது மேஸ்திரி."

"ஏறித் தொலைங்க. தர்றேன்."

"எல்லாரு எதிர்லயும் சத்தமா சொல்லுங்க."

அவர் சத்தமாகச் சொன்னார். வாசலை ஒட்டிய மேடையில் இயக்குநர் மைக்கை அணைக்காமல் பிடித்திருந்ததால் அது ஊருக்கே கேட்டது. லாரி நிறைந்தது. மஞ்சள் ஹெல்மெட்டுகள் ஆடிக்கொண்டே பிரம்மதேசம் பக்கம் போயின.

பந்தலில் காலி நாற்காலிகளும், மேடையில் விருந்தினர்களும், வீடியோக்காரரும் மிஞ்சினார்கள். கலையரசன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பெரியோர்களே! இந்த அரங்கைப் பாருங்கள். ஒரு பயனாளிகூட இல்லை. எங்கள் உழைப்புக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். மையத்தின் வாசலிலிருந்தே போய்விட்டார்கள்!"

மேடை எழுந்து நின்று கைதட்டியது. அந்த ஆண்டறிக்கையில் வேலைவாய்ப்பு நூறு விழுக்காடு என்று போட்டார்கள். அதே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், அன்று மாலை நிலவரப்படி மரக்காணம் வட்டாரத்தில் கூலி மீண்டும் ஏறத் தொடங்கியிருப்பது கவலையளிக்கிறது என்றும் எழுதியிருந்தது. இரண்டையும் படித்த மேலிடம் மையத்தின் காலத்தை இன்னும் மூன்று ஆண்டுகள் நீட்டித்தது.

பிரம்மதேசத்தில் பொழுது சாயும்போது ரூஃப் முடிந்தது. ரூஃபைத் தாங்கி நின்ற சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்தபிறகு பூச்சு வேலை தொடங்கியது. மரியதாஸ் வேறு ஆளைப் போடத்தான் நினைத்தார். ஆனால் ஒலிபெருக்கியில் சொன்னது பிரம்மதேசம் வரைக்கும் தெரிந்திருந்தது. வீட்டுக்காரரே, "எங்கப்பா அந்த ரெண்டு பொம்பளைங்க?" என்று கேட்டார். அவர்கள் வந்தார்கள். ஆண் கொத்தனார்கள் தங்கள் சாரத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். முதல் சனிக்கிழமை மரியதாஸ் கூலியைக் குறைக்காமல் கொடுத்தார். கொடுக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவர் ஹாலுக்குள் வந்து, தெய்வநாயகி பூசிய சுவரில் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தார். நடுவில் குழி விழுந்திருந்தது. ஒரு விரல் உள்ளே போனது.

சித்தாள்களிடம் அவர் எப்போதும் "ஏம்மா" என்றுதான் ஆரம்பிப்பார். இப்போது அப்படி ஆரம்பிக்கவில்லை.

"யோவ், கண்ணு எங்கயா இருக்குது உனுக்கு? இது செவுரா, செம்மறியாட்டு முதுகா? கூலி மட்டும் சொளையா வாங்கத் தெரியுது! மொத்தத்தையும் சொரண்டு!"

கொத்தனார்களைத் திட்டுவதற்கென்றே அவர் வைத்திருந்த திட்டு அது. அடுத்த அறையிலிருந்த ஆண் கொத்தனார்கள் சிரிக்க வாயெடுத்தார்கள். அதற்குள் மரியதாஸ் அந்த அறைக்குள் போய் அதே வார்த்தைகளில் அவர்களையும் திட்ட ஆரம்பித்தார்.

தெய்வநாயகி ஈரச் சாந்தைச் சுரண்டிப் பாண்டுச் சட்டியில் போட்டாள். கீழே தன் பங்கைப் பூசிக்கொண்டிருந்த ஜான்சி நிமிர்ந்து பார்த்து, "அழுவுறியாடி?" என்று கேட்டாள்.

"சாந்து தூக்கிக் குடுடி" என்றாள் தெய்வநாயகி. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை சுரண்டிக்கொண்டிருந்தாள்.